மோட்டார் சைக்கிளைத் தாமே திருத்த ஒரு வாடகைக் கராஜ்: இது தொழிலாக நிலைக்குமா?

சுயதொழில் பாடம்

காணியை விட்டு வெளியேற நேர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றிடம் இன்று எஞ்சியிருக்கும் பெறுமதியான பொருள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், பால் கலனை ஏற்றுவதும், கூலி வேலைக்குப் போவதும், பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும் அதிலேதான். அது நின்றுவிட்டால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும். திருத்தக் கொடுத்தால் கையிலுள்ள காசு போய்விடும்.

இந்த நிலையில் இளைஞர்கள் சிலரிடம் ஒரு யோசனை தோன்றுகிறது. ஒரு கொட்டகை போட்டு, நல்ல கருவிகளை வாங்கி வைத்து, மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விட்டால் என்ன? சொந்தக்காரரே வந்து தமது வண்டியைத் திருத்திக்கொள்வார். நாம் இடமும் கருவியும் கொடுத்து வாடகை பெறுவோம். வத்தேகம நகரை அண்டிய பகுதிகளை மனதில் வைத்து, இந்த யோசனை தொழிலாக நிலைக்குமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். நட்டஈட்டுப் பணத்தையோ கடனையோ இதில் போட எண்ணுபவர்கள் பாடத்தை இறுதிவரை வாசித்து, குழுவாகக் கலந்துரையாடிய பின்னரே முடிவெடுக்க வேண்டுகிறோம்.

1. யோசனை ஏன் நல்லதாகத் தோன்றுகிறது?

இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு மீண்டும் திறந்தது. இந்த ஐந்து வருடங்களில் புதிய வண்டி வாங்க முடியாதவர்கள் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 2022ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. எனவே பழைய வண்டிகளும் அதிகம், திருத்த வேலையும் அதிகம்.

வத்தேகம பகுதியின் நிலவமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. கண்டியிலிருந்து மடவளை வழியாக வத்தேகமவுக்கும், அங்கிருந்து பன்வில, மடுல்கெல பக்கமும் போகும் பாதைகளில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் நிறைய உண்டு. இறக்கத்தில் பிரேக் ஷூ தேய்கிறது. ஏற்றத்தில் கிளச் தேய்கிறது. மழையிலும் சேற்றிலும் செயின் துருப்பிடிக்கிறது. சமதரையில் ஓடும் வண்டியைவிட மலைநாட்டு வண்டிக்கு அடிக்கடி கவனிப்புத் தேவை.

தாமே திருத்தும் பழக்கமும் எமக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு வண்டியை ஓட வைத்தார்கள். அந்த அனுபவத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர்களும், தோட்டங்களில் இயந்திர வேலை பழகியவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனால் தேவை இருப்பது ஒன்று, அந்தத் தேவைக்காக மக்கள் காசு கொடுப்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2. வேறு நாடுகளில் நடந்தது என்ன?

ஜேர்மனியில் வாடகை வேலைத்தலங்கள் பல நகரங்களில் உண்டு. அங்கே காரையோ மோட்டார் சைக்கிளையோ கொண்டுபோய், வண்டியைத் தூக்கும் மேடையை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, தாமே வேலை செய்யலாம். இவை நிலைத்திருக்க இரண்டு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது, அங்கே மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலக் கூலி மிக அதிகம். தாமே செய்தால் பெருந்தொகை மிஞ்சும். இரண்டாவது, மாடி வீடுகளில் குடியிருப்போருக்கு முற்றம் இல்லை. வீதியோரத்தில் வண்டியைப் பிரித்து ஒயில் சிந்தவும் அனுமதி இல்லை.

அமெரிக்க இராணுவ முகாம்களிலும் சிப்பாய்கள் தமது வாகனத்தைத் தாமே திருத்தும் நிலையங்கள் நீண்டகாலமாக இயங்குகின்றன. ஆனால் அவை முகாமின் நலன்புரிச் சேவைகளில் ஒன்று. இலாபத்தை நம்பி நடப்பவை அல்ல. நகரங்களில் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் மாதச் சந்தா கட்டிப் பாவிக்கும் கராஜ்களும் தோன்றின. அவ்வாறானவை இட வாடகையை மட்டும் நம்பியிராமல் காப்பிக் கடை, வண்டி நிறுத்துமிடம், பயிற்சி வகுப்பு என்று வேறு வருமானங்களையும் சேர்த்துக்கொண்டன.

தோல்வியடைந்த ஓர் உதாரணத்தையும் அறிந்திருப்பது நல்லது. டெக்ஷொப் என்ற நிறுவனம் 2006இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. மரவேலை, உலோகவேலை இயந்திரங்களை வைத்து, மாதச் சந்தா கட்டியவர்கள் வந்து பாவிக்கலாம் என்று திறந்தது. பல நகரங்களில் கிளைகள் விரிந்தன. ஆனால் 2017 நவம்பரில் அமெரிக்காவிலிருந்த தனது நிலையங்கள் அனைத்தையும் திடீரென மூடியது. மக்களுக்கு அதில் விருப்பம் இருக்கவே செய்தது. ஆயினும் கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றைச் சந்தாப் பணத்தால் தாங்க முடியவில்லை.

3. வத்தேகமயில் என்ன வேறுபாடு?

ஜேர்மனியின் இரண்டு காரணங்களையும் எமது ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எமது ஊரில் முற்றம் உண்டு. இல்லாவிட்டாலும் பாதையோரத்தில் ஒரு மர நிழல் உண்டு. ஆகவே வெறும் இடத்துக்காக ஒருவர் காசு கொடுக்கமாட்டார். கடும் மழைக்காலத்தில் கூரைக்கு ஒரு மதிப்பு இருக்கலாம். அது வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டுமே.

எமது ஊரில் மெக்கானிக்கின் கூலியும் அவ்வளவு உயர்ந்தது அல்ல. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒயில் மாற்றி, செயினை இறுக்கி, பிரேக்கைச் சரிசெய்ய அயலிலுள்ள மெக்கானிக் 600 ரூபா கூலி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவார். பழக்கமில்லாதவருக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். எமது வாடகை மணிக்கு 250 ரூபா என்றால் அவர் 500 ரூபா கட்ட வேண்டும். மிஞ்சுவது 100 ரூபா. அதற்காகக் கையை அழுக்காக்கி, அரை நாளை இழந்து, எவர் வருவார்? வாடகையை உயர்த்தினால் வருபவர் குறைவார். குறைத்தால் எமது செலவுக்குப் போதாது. இந்த முயற்சியின் மிகப் பெரிய தடை இதுவே.

அப்படியானால் எமது ஊரில் உண்மையில் கிடைக்காதது எது? விசேட கருவிகளும், அவற்றைப் பாவிக்கும் அறிவுமே. மெக்னட் புல்லரோ செயின் வெட்டும் கருவியோ எந்த வீட்டிலும் இராது. வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் பொருளை எவரும் சொந்தமாக வாங்கி வைப்பதில்லை. விவசாயிகளாகிய எமக்கு இது நன்கு தெரிந்த விடயம். இரண்டு ஏக்கர் வயலுக்காக ஒருவர் லாண்ட்மாஸ்டர் வாங்குவதில்லை. வைத்திருப்பவரிடம் வாடகைக்குப் பிடித்து உழுவார்.

4. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று இயேசு உவமையாகக் கூறியதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கீழுள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான உதாரணங்கள் மட்டுமே. உங்கள் ஊரின் உண்மைத் தொகைகளை விசாரித்து அவற்றின் இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டிகளை ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஒரு தனிக் கராஜின் மாதச் செலவு:

கட்டட வாடகை – 15,000 ரூபா
பொறுப்பாளரின் சம்பளம் – 40,000 ரூபா
மின்சாரமும் தண்ணீரும் – 3,000 ரூபா
கருவித் தேய்மானமும் தொலைவும் – 5,000 ரூபா
துணி, கிறீஸ், சிறு செலவுகள் – 2,000 ரூபா
மொத்தம் – 65,000 ரூபா

மணிக்கு 250 ரூபா வீதம் 65,000 ரூபா சேர 260 மணித்தியாலங்கள் வாடகைக்குப் போக வேண்டும். மாதம் 26 நாட்கள், நாளுக்கு 8 மணித்தியாலம், இரண்டு இடங்கள் என்றால் எம்மிடம் இருப்பது 416 மணித்தியாலங்கள். கடதாசியில் பார்த்தால் இது இலகுவாகத் தோன்றும்.

ஆனால் மக்கள் எப்போது வருவார்கள்? வார நாட்களில் வண்டி உழைப்பில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும்தான் நேரம் கிடைக்கும். மாதத்தில் நான்கு ஞாயிறு, ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்களும் 6 மணித்தியாலம் நிரம்பினால் 48 மணித்தியாலம். ஏனைய 22 நாட்களில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் 22. மொத்தம் 70 மணித்தியாலம். வருமானம் 17,500 ரூபா. மாத நட்டம் 47,500 ரூபா.

இன்னொரு செலவு இக்கணக்கில் சேரவில்லை. ஒருவர் இயந்திரத்தைப் பிரித்த பின்னர்தான் எந்தப் பாகம் பழுது என்று தெரியவரும். அந்தப் பாகம் வத்தேகமயில் கிடைக்காவிட்டால் கண்டிக்குப் போக வேண்டும். அங்கேயும் இல்லாவிட்டால் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். அதுவரை பிரித்த வண்டி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வண்டி நான்கு நாள் கிடந்தால் எமது இடத்தில் பாதி நான்கு நாள் முடங்கிவிடும்.

ஆகவே கட்டடம் வாடகைக்கு எடுத்து, சம்பளத்துக்கு ஆள் வைத்து, மணித்தியால வாடகையை மட்டும் நம்பி நடத்தும் கராஜ் வத்தேகம போன்ற ஊரில் நிலைக்காது என்பதே எமது முடிவு. இடம்பெயர்ந்த குடும்பம் தனது நட்டஈட்டுப் பணத்தை இதில் போடுவது தகாது.

5. நிலைக்கக்கூடிய இரண்டு வழிகள்

முதலாவது வழி: ஏற்கனவே நடக்கும் கராஜில் ஓர் இடம்

தொழில் தெரிந்த ஒருவர் ஏற்கனவே கராஜ் நடத்துகிறார் என்றால், அதில் ஓர் ஓரத்தைச் சுயமாகத் திருத்துவோருக்கென ஒதுக்கலாம். கட்டட வாடகை கூடாது. பொறுப்பாளருக்குத் தனிச் சம்பளமும் இல்லை. மேலதிகச் செலவு கருவித் தேய்மானம் 5,000 ரூபாவும் மின்சாரம் முதலியவை 1,500 ரூபாவும் என்று கொண்டால், 6,500 ரூபாவை ஈடுசெய்ய 26 மணித்தியாலங்கள் போதும். மேலே பார்த்த 70 மணித்தியாலங்கள் கிடைத்தால் 11,000 ரூபா மிஞ்சும். அவை வேறோர் இடத்துக்குரிய எதிர்பார்ப்பு என்பதால் பாதியே கிடைக்கும் என்று கொண்டாலும், 35 மணித்தியாலத்துக்கு 8,750 ரூபா வரும். நட்டம் ஏற்படாது.

வருபவர் ஒயில், பிளக், கேபிள் ஆகியவற்றையும் அங்கேயே வாங்குவார். தம்மால் முடியாத வேலையை மெக்கானிக்கிடமே ஒப்படைப்பார். வேலை பறிபோகும் என்று மெக்கானிக்குகள் பயப்படுவதுண்டு. ஆனால் சிறு வேலையைத் தாமே செய்யப் பழகியவர், பழுது முற்றுவதற்கு முன்பே பெரிய வேலையை இனங்கண்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொண்டுவருவார்.

இரண்டாவது வழி: சங்கத்தின் கருவிப் பெட்டி

எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் மரண உதவிச் சங்கங்கள் எவ்வாறு நடக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். கதிரை, கூடாரம், பெரிய பாத்திரம் ஆகியவற்றைச் சங்கம் வாங்கி வைக்கிறது. அங்கத்தவர் தேவைப்படும்போது எடுத்துப் பாவித்துத் திருப்பிக் கொடுக்கிறார். அதே முறையில் ஒரு கருவிப் பெட்டியையும் வைத்திருக்கலாம்.

20 குடும்பங்கள் மாதம் 300 ரூபா வீதம் கட்டினால் 6,000 ரூபா. பத்து மாதத்தில் 60,000 ரூபா. ஒரே நாளில் முழுப் பெட்டியையும் வாங்கத் தேவையில்லை. சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்கலாம். சணச போன்ற சிக்கன கடனுதவுச் சங்கத்தில் ஏற்கனவே சேமிப்புக் குழு உள்ளவர்களுக்குக் கணக்கு வைக்கும் பழக்கமும் இருக்கும். இங்கே இலாபம் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் வருடத்தில் கட்டும் 3,600 ரூபாவைவிட அதிகமாகக் கூலிச் செலவை மிச்சப்படுத்தினால் முயற்சி வெற்றி. மிச்சப்படாவிட்டால் நிறுத்திவிடலாம். கருவிகளை விற்றாலும் ஒரு பகுதிப் பணம் திரும்பும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளால் வீடும் காணியும் இழந்தவர்களுக்கு இவ்வழி பொருத்தமானது என எண்ணுகிறோம். மீண்டும் இடம் மாற நேர்ந்தாலும் பெட்டியைத் தூக்கிச் செல்லலாம். கட்டடத்தைத் தூக்கிச் செல்ல முடியாது.

6. எந்தக் கருவிகள்? எந்த வேலைகள்?

முதலில் வாங்க வேண்டியவை: 8 முதல் 24 மில்லிமீற்றர் வரையான ரிங் ஸ்பானர்கள், சொக்கெட் தொகுதி, எலன் கீ, நல்ல ஸ்குரூ டிரைவர்கள், குறடு, பிளக் சாவி, காற்றுப் பம்ப், மின்சோதனை மீற்றர்.

பின்னர் வாங்க வேண்டியவை: செயின் வெட்டும் கருவி, கிளச்சைப் பிடித்து வைக்கும் கருவி, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டோர்க் சாவி, உங்கள் ஊரில் அதிகம் ஓடும் வண்டி இனத்துக்குரிய மெக்னட் புல்லர். ஓர் இனத்தின் புல்லர் மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம். எனவே முதலில் 20 குடும்பங்களிடமும் உள்ள வண்டிகளைப் பட்டியலிடுங்கள். மலிவான ஸ்பானர் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். குறைவாக வாங்கினாலும் தரமானதாக வாங்குங்கள்.

பழகியவுடன் தாமே செய்யக்கூடியவை: ஒயில் மாற்றுதல், பிளக் சுத்தம் செய்தல், காற்று வடிகட்டி, கேபிள் மாற்றுதல், செயின் இறுக்குதல், டியூப் ஒட்டுதல். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் செயினின் ஆட்டம் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும். சரியான அளவை வண்டியின் கைந்நூலில் பாருங்கள். இயந்திரத்தின் உட்பாகம், முன் ஃபோர்க், எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் புதிய வண்டிகளின் பழுது ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள்.

கணவனை இழந்த பெண்களும் தனியே குடும்பம் நடத்தும் தாய்மாரும் இன்று ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கென ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிப் பழக்குவது சங்கத்தின் கடமையாகும்.

7. தவறவிடக்கூடாத விதிகள்

அ. பிரேக் வேலை எவர் செய்தாலும், வண்டி வெளியே போகுமுன் அனுபவசாலி ஒருவர் பரிசோதித்துப் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும். பன்வில இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் மிச்சப்படுத்திய கூலியால் பயன் என்ன?

ஆ. பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக்கூடாது. சிலவற்றில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

இ. சிறிய வண்டியிலிருந்து ஏறக்குறைய ஒரு லீற்றர் கழிவு ஒயில் வரும். மாதம் 20 வண்டிகள் என்றால் 20 லீற்றர் கலன் ஒன்று நிறையும். அதைக் கானில் ஊற்றினால் ஓடையில் கலந்து மகாவலிக்குப் போகும். கலனில் மூடி வைத்து, சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். விறகில் ஊற்றி எரிக்க வேண்டாம்.

ஈ. பெற்றோல் உள்ள இடத்தில் புகைத்தல் கூடாது. மணல் வாளி இரண்டு எப்போதும் இருக்க வேண்டும்.

உ. வரும் ஒவ்வொரு வண்டியின் இலக்கத்தகட்டு எண், செசி எண், கொண்டுவந்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைப் பதியுங்கள். களவு வண்டியைப் பிரிக்கும் இடமாக எமது இடம் மாறிவிடக்கூடாது.

ஊ. பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து அதன் மேல் தொங்கவிடுங்கள். குறைவது உடனே கண்ணில் படும். வெளியே எடுத்துச் செல்வோரிடம் முற்பணம் வாங்குங்கள்.

எ. பிரித்த வண்டி மறுநாளும் கிடந்தால் நாள் வாடகை உண்டு என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

முதலாவது வழியில் தொழிலாக நடத்துபவர் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்திலும், வியாபார அனுமதி பற்றி நகர சபையிலோ பிரதேச சபையிலோ விசாரிக்க வேண்டும். வாகனம் திருத்துமிடங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். தொடங்குமுன்பே கேட்டறிவது நல்லது.

8. தொடங்கும் முன் மூன்று மாதப் பரீட்சை

கடன் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். ஒருவரிடமிருந்து கருவிகளை இரவல் பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு முற்றத்தில் வேலை நடத்துங்கள். வந்தவர் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், கட்டிய தொகை, திரும்ப வந்தவர் எத்தனை பேர் என்று பதியுங்கள். இலவசமாக வந்தவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூன்று மாதத்தின் பின் அந்தப் புத்தகமே உங்களுக்கு வழி சொல்லும். உங்களில் ஒருவர் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பயிற்சி பெற முடியுமா என்றும் இதே காலத்தில் விசாரியுங்கள். ஒரு கிராமத்தில் முறையாகப் பழகிய ஒருவர் இருப்பது பத்துக் கருவிகளுக்குச் சமம்.

எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களின் சிறு முதல் மிகவும் மதிப்புள்ளது. அதை ஒரே முயற்சியில் கொட்டிவிடாமல், சிறிதாகத் தொடங்கி, கணக்கு வைத்து, ஒருவருக்கொருவர் உதவி நடப்போம்.

குழுக் கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது குழுவில் எத்தனை மோட்டார் சைக்கிள்கள் உள்ளன? கடந்த வருடம் திருத்தக் கூலியாக மட்டும் ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு செலவிட்டது?

2. அவற்றில் எந்த வேலைகளை நாமே செய்திருக்கலாம்? செய்யாததற்குக் காரணம் கருவி இல்லாமையா, அறிவு இல்லாமையா, நேரம் இல்லாமையா?

3. எமது ஊரில் கராஜ் நடத்தும் மெக்கானிக் ஒருவரை எமது கூட்டத்துக்கு அழைத்து அவருடைய கருத்தைக் கேட்போமா?

4. கருவிப் பெட்டியின் பொறுப்பாளராக யாரை நியமிப்போம்? கருவி தொலைந்தால் என்ன செய்வோம்?

5. நான்காம் பகுதியிலுள்ள கணக்கை எமது ஊரின் தொகைகளைக் கொண்டு மீண்டும் போடுங்கள். எத்தனை மணித்தியாலங்கள் தேவைப்படுகின்றன?